கிளிமீன் எது?

கேரளத்துப் பொழியூர்க் கரையில் கிளிமீன் வேண்டும் என்று கேளுங்கள். இளஞ்சிவப்பு உடலும், வாலின் மேல்நுனியில் மஞ்சள் இழையும் உள்ள ஒரு சாண் மீனை எடுத்துத் தருவார்கள். அதே பெயரைத் தூத்துக்குடியிலோ கீழக்கரையிலோ சொன்னால், கிளி மூக்கைப் போலவே வாயுள்ள, மஞ்சளும் நீலமும் பச்சையும் பூசிய, பெரிய செதில் மீன் வரும். முதல் மீன் சென்னைக்காரர்களுக்குச் சங்கரா. நெமிப்டெரஸ் என்ற பேரினம். மணலும் சேறும் கலந்த தரைக்கு மேலே கூட்டமாகத் திரிவது. இரண்டாவது மீன் ஸ்காரஸ் என்ற பேரினம். பவளத்திலும் கல்லிலும் ஒட்டிக் கிடப்பதைச் சுரண்டித் தின்பது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு எதுவும் கிடையாது. பெயர் மட்டும் ஒன்று.

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், நீரோடிக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இந்த இரண்டு கிளிகளும் வரும். அம்மை தூத்துக்குடியில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், கேரளப் பக்கம் பூவாறில் இருந்த அப்பாவின் அக்காள் "நாளைக்குக் கிளிமீன் குடுத்து விடுறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அம்மை தன் ஊர்க் கிளியை நினைத்துக்கொண்டு பெரிய சட்டியை எடுத்து வைத்து, தேங்காய் வறுத்து அரைத்துக் காத்திருந்தாளாம். வந்து சேர்ந்தது சங்கரா. "இதுவா கிளி?" என்று கேட்டிருக்கிறாள். "பின்ன எது கிளி, மக்களே?" என்று அத்தை திருப்பிக் கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

சமையலறையோடு நின்றால் இது சின்னக் குழப்பம். ஆனால் கேரள அரசு இன்ன அளவுக்குக் குறைந்த குஞ்சுகளைப் பிடிக்கக் கூடாது என்று வரையறுத்திருக்கும் மீன்களில் கிளிமீனும் உண்டு. அங்கே சொல்லப்படுவது நெமிப்டெரஸ். அதைப் படிக்கும் குமரி மாவட்டத்து வாசகர், பார் எனும் கடலடிக் கல்மேட்டில் வாழும் இரண்டாவது கிளிக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. 'கிளிமீன் வரத்து அதிகம்' என்று மலையாளச் செய்தி வந்தால், விசைப்படகுகளின் மடிவலையில் சங்கரா ஏராளமாகப் பட்டிருக்கிறது என்று பொருள். அதை வைத்துப் பார்கள் செழிப்பாக இருக்கின்றன என்று முடிவு கட்டினால் உண்மைக்கு நேர் எதிரான இடத்தில் போய் நிற்போம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே நிலத்தில் ஒரு எல்லைக் கோடு போட்டார்கள். மீன் பெயர்கள் அந்தக் கோட்டை மதிக்கவில்லை; இரண்டு பக்கமும் கலந்து கிடக்கின்றன. அதனால் இந்தக் கரையில் பெயரை மட்டும் கேட்டு மீனை அறிய முடியாது. மீனைப் பார்த்தாக வேண்டும்.

இனி நான் கிளிமீன் என்று சொல்வதெல்லாம் அம்மையின் ஊர்க் கிளியை. அதிலும் ஒரே ஒரு இனத்தை: ஸ்காரஸ் கோப்பன். ஆங்கிலத்தில் நீலப்பட்டைக் கிளிமீன் என்று பொருள்படும் பெயர் அதற்கு. செங்கடலிலும் தென்னாப்பிரிக்காவிலும் தொடங்கி, இந்தியப் பெருங்கடல், பசிபிக் கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரை வரைக்கும் இதைச் சொல்கிறார்கள். சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள்ளும் போயிருக்கிறது. இவ்வளவு பரந்த கடலில் வாழும் கிளிமீன் இனம் வேறு இல்லை என்றே சொல்லலாம். எங்கள் கரையில் அகப்படும் கிளிகளில் பெரும்பாலும் நான் பார்த்ததும் இதுதான்.

அடையாளம் காண வாயில் தொடங்குங்கள். பெரும்பாலான மீன்களுக்குப் பல் தனித்தனியாக இருக்கும். கிளிமீனுக்கு மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் பற்கள் ஒன்றோடொன்று இணைந்து தகடாகி, நடுவில் ஒரு பிளவோடு அலகுபோல நீண்டிருக்கும். விரலால் உதட்டைக் கொஞ்சம் விலக்கினாலே தெரிந்துவிடும். தகடு போலத் தெரிந்தாலும் உள்ளே அது பல்வரிசைதான். ஸ்காரஸுக்கு நெருங்கிய இன்னொரு பேரினத்துக் கிளிமீனின் அலகை எக்ஸ்கதிர் கொண்டு ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், ஏறக்குறைய ஆயிரம் பற்கள் பதினைந்து வரிசையாக ஒட்டிக் கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஃபுளூர்அபடைட் என்ற கனிமத்தின் நுண்ணிழைகள் பாய் முடைந்ததுபோல் பின்னிக் கிடப்பதால்தான் கல்லைக் கடித்தாலும் அலகு உடைவதில்லை. முன்வரிசை தேய்ந்து விழ, பின்வரிசை நகர்ந்து வரும்.

அடுத்து முதுகுத் துடுப்பு. ஒன்பது முள்ளும் பத்து மென்கதிரும். அடித்துடுப்பில் மூன்று முள்ளும் ஒன்பது மென்கதிரும். இந்தக் கணக்கு எல்லாக் கிளிமீனுக்கும் ஒன்றே. ஆகையால் இது கிளிமீன்தான் என்று உறுதிப்படுத்த உதவுமே தவிர, எந்தக் கிளிமீன் என்று சொல்ல உதவாது. அதற்குக் கன்னத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கீழே செதில்கள் வரிசையாக அமைந்திருக்கும். கோப்பனுக்கு மூன்று வரிசை. செத்த மீனிலும் மாறாத அடையாளம் இது. நிறம் போன பிறகும் செதில் வரிசை இருக்கும்.

நிறத்தை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறேன் என்று கேட்கலாம். வண்ண மீன் என்றாலே நிறத்தைத்தானே முதலில் பார்ப்போம்? இந்த மீனில் நிறம் பொய் சொல்லும். ஒரே இனம் இரண்டு உடுப்பில் வரும்.

முதல் உடுப்பு மஞ்சள். பழுத்த மாம்பழத்தின் மஞ்சளிலிருந்து மங்கிய ஆரஞ்சு வரைக்கும் உடல் இருக்கும். அதன்மேல் ஐந்து நீலப் பட்டைகள். நான்கு உடலில், ஐந்தாவது வாலடியில். இவை தூரிகையால் இழுத்த கோடுகள் அல்ல. அந்த இடத்துச் செதில்களில் மட்டும் நீலம் கூடி நிற்பதால் தூரத்தில் பட்டையாகத் தோன்றுகின்றன. கிட்டத்தில் பார்த்தால் ஓரம் பிசிறடித்திருக்கும். இந்த உடுப்பில் இருப்பவை பெரும்பாலும் பெண்.

இரண்டாவது உடுப்பில் முதுகு நீலப்பச்சை. ஒவ்வொரு செதிலுக்கும் இளஞ்சிவப்பு ஓரம் கட்டியிருக்கும். வயிறு வெளிறும். முகத்தில் வாயிலிருந்தும் கண்ணிலிருந்தும் நீலப்பச்சைக் கோடுகள் ஒழுங்கில்லாமல் ஓடும். வால் நடுவில் குழிந்து, இரண்டு முனையும் நீண்டு பிறையாகும். பட்டைகள் காணாமல் போயிருக்கும். இது ஆண். முக்கால் மீட்டரை எட்டும் பெரிய மீன்கள் இந்த உடுப்பில்தான் இருக்கும்.

இவை இரண்டும் வேறுவேறு மீன்கள் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். நம் கரையில் மட்டுமல்ல, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சாராயப் புட்டிக்குள் மீனைப் போட்டு வைத்துப் பெயர் சூட்டியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் மஞ்சள் மீனே வளர்ந்து பச்சை மீனாகிறது. பெண்ணாக முட்டையிட்டு வாழ்ந்த மீன், ஒரு கட்டத்தில் ஆணாக மாறும். சினைப்பை கரைந்து விந்துப்பை உருவாகும். கூடவே உடுப்பும் மாறும். கிளிமீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இது இயல்பான வாழ்க்கை. ஆண்டுக்கணக்கில் ஒரு பாரில் முங்குகிறவர்களுக்குப் பாதி மாறிய மீன்களும் கண்ணில் படும்: பட்டை மங்கி, முகத்தில் மட்டும் பச்சைக் கோடு தொடங்கிய மீன். அதை மூன்றாவது இனமாக எண்ணிவிட வேண்டாம்.

பெயர் வைத்த கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது நம் அத்தையின் கேள்வியோடு ஒட்டியது. பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற சுவீடன் நாட்டு இயற்கையியலாளர், உயிர்களுக்கு இருசொல் பெயர்முறை வகுத்த லின்னேயஸின் மாணவர், டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவோடு 1761-இல் புறப்பட்டார். 1763-இல் யேமனில் மலேரியாவில் இறந்தார். அந்தக் குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. நண்பர் எழுதி வைத்துப் போன குறிப்புகளை அவர் 1775-இல் அச்சிட்டார். அதில் இந்த மீனும் உண்டு. ஃபோர்ஸ்கால் லத்தீன் பெயர் தேடிப் போகவில்லை. ஜித்தாக் கரையில் மீனவர்கள் அரபியில் சொன்ன 'கோப்பன்' என்ற பெயரை அப்படியே எழுதிக்கொண்டார். உலகம் முழுக்க இன்று அறிவியல் பெயராக வழங்குவது ஒரு மீன்பிடிக் கரையின் பேச்சுப் பெயர். அதற்குப் பிறகு வந்தவர்கள் அதே மீனுக்கு 1801-இல் குட்டேட்டஸ் என்றும், 1840-இல் துஸ்ஸுமியேரி என்றும், இன்னும் பலவாகவும் பெயர் வைத்தார்கள். உடுப்பு மாறும் மீனுக்கு இப்படிப் பெயர்கள் பெருகியதில் வியப்பில்லை. பெண்ணையும் ஆணையும் பொருத்திப் பார்த்து அந்தப் பெயர்களை ஒன்றாக்க இருபதாம் நூற்றாண்டு வரை ஆயிற்று. மூத்த பெயருக்கே உரிமை என்பது விதி. அதனால் கோப்பன் நிலைத்தது.

ஆந்திரக் கரைக்கும் இந்தக் குடும்பத்தில் ஒரு பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் இருநூறு மீன்களைச் சேகரித்து, படம் வரைவித்து, 1803-இல் லண்டனில் வெளியிட்டார். மீன்களுக்குத் தெலுங்கு மீனவர்கள் சொன்ன பெயர்களையே தலைப்பாக்கினார். ஸ்காரஸ் ரஸ்ஸெலி என்ற கிளிமீன் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோப்பனையும் ரஸ்ஸெலியையும் பிரித்துச் சொல்லக் கன்னச் செதிலையும் தோள்துடுப்பின் கதிர்களையும் எண்ண வேண்டிவரும். கைப்பேசிப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட நேரங்களில் 'ஸ்காரஸ்' என்று மட்டும் எழுதி நிறுத்துவதே நேர்மை.

வேறு சில மீன்களும் கண்ணை ஏமாற்றும். கடற்புல் வெளியில் வாழும் லெப்டோஸ்காரஸ் என்ற கிளிமீன் பச்சையும் பழுப்புமாகப் புல்லோடு புல்லாக மறைந்திருக்கும். ஆணோ பெண்ணோ, அது பிறந்த பாலிலேயே கடைசிவரை இருப்பது. மற்றக் கிளிமீன்களைப் போல மாறாது. கலோடோமஸ் என்ற பேரினத்தில் அலகு முழுதாக ஒட்டியிருக்காது, பற்கள் ஓடு வேய்ந்ததுபோல் தனித்தனியாகத் தெரியும். பச்சை உடலும் பிறை வாலும் கொண்ட நிலாவால் மீன், கிளிமீனின் சிற்றப்பன் பிள்ளை மாதிரி. வாயைத் திறந்தால் முன்னால் துருத்தும் கூர்ப்பல் அதைக் காட்டிக்கொடுக்கும். நீல நிறக் கிளாத்தியைப் பெயர் ஒற்றுமையால் கிளி என்று நினைக்கிறவர்களும் உண்டு. கிளாத்தியின் முதுகில் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும் தடித்த முள் இருக்கும், தோல் சொரசொரப்பாக இருக்கும். ஒருமுறை கையில் எடுத்தவர் மறக்க மாட்டார்.

ஏலத்துக்கு வரும் மீனைப் பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மீன்களில் நாம் பார்க்கும் நீலம் பெரும்பாலும் சாயம் அல்ல. தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் வருவது. மஞ்சள் சாயம், அது இரையிலிருந்து கிடைப்பது. உயிர் போனதும் இந்த அமைப்பு குலையத் தொடங்கும். தண்ணீரில் மின்னிய பட்டை, ஐஸ்பெட்டியில் அரை நாள் கிடந்தால் சாம்பல் கறையாகிவிடும். தேங்காய்ப்பட்டினம் துறைமுகத்தில் காலை ஏலத்தில் நான் பார்த்த பல கிளிமீன்கள் மங்கிய மஞ்சளில் அழுக்குப் பட்டை போலத்தான் இருந்தன. புத்தகப் படத்தோடு ஒப்பிட்டால் எதனோடும் ஒத்துப்போகாது. படம் எடுப்பதானால் வலையிலிருந்து எடுத்த உடனே, துடுப்பை விரித்து வைத்து, பக்கவாட்டில் ஒன்று; கன்னத்துக்குக் கிட்டத்தில் ஒன்று; வாய்க்கு ஒன்று. எந்தப் பாரில், எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழத்தில் என்று வள்ளக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிக் குறிப்பு இல்லாத படத்துக்குப் பாதி மதிப்புத்தான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பார் என்றால் என்ன என்று விளக்க வேண்டும். பவளப்பாறை மீன் என்று எல்லாரும் எழுதும் இந்த மீன், பவளத்திட்டே இல்லாத எங்கள் கரையில் எப்படி வாழ்கிறது?

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றி உண்மையான பவளத் திட்டுகள். 1986-இல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மேற்கே லட்சத்தீவு முழுக்கவே பவளம் கட்டிய நாடு. நடுவில் இருக்கும் கன்னியாகுமரி முதல் விழிஞம் வரையிலான கரையில் அப்படிப்பட்ட திட்டு கிடையாது. காரணம் மழையும் ஆறும். இடவப்பாதி, அதாவது வைகாசி நடு, தொடங்கி நான்கு மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கும். தேங்காய்ப்பட்டினத்தில் குழித்துறை ஆறும், பூவாறில் நெய்யாறும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும்; கலங்கிய தண்ணீரில் அது பட்டினி. படியும் வண்டல் பவளத்தை மூடி மூச்சடைக்கும். அதே மாதங்களில் ஆழத்துக் குளிர்நீர் மேலே எழும்பி வரும். பவளத்துக்குப் பிடித்த வெதுவெதுப்பு போய்விடும். இவ்வளவும் சேர்ந்தால் திட்டு கட்டி எழுப்ப அதற்குக் காலம் கிடைப்பதில்லை.

ஆனால் கல் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அதே பழம்பாறை, விழிஞம், கோவளம், இனயம், குளச்சல், கடியப்பட்டினம், முட்டம் என்று கரையோரம் எங்கும் கடலுக்குள் இறங்கிக் கிடக்கிறது. தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும் இந்தக் கல்மேடுகளைத்தான் எங்கள் ஆட்கள் பார் என்கிறார்கள். பாருக்குப் பெயர் உண்டு, ஆழக் கணக்கு உண்டு, எந்தக் காற்றில் எந்த மீன் நிற்கும் என்ற அறிவு உண்டு. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் தெரியும் மலை முகட்டையும் ஒரு நேராக்கி, இன்னொரு திசையில் வேறு இரண்டு குறிகளை ஒரு நேராக்கி, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போடுவார்கள். கணியம் பார்ப்பது என்பது அது. ஜி.பி.எஸ். வந்து சில பத்தாண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்னால் அப்பன் மகனுக்கு விட்டுச்செல்லும் சொத்தில் இந்தக் கணியங்களும் சேரும். பார் இல்லாத இடத்தில் தென்னங்குற்றியும் கல் நிறைத்த சாக்கும் இறக்கிப் புதிய பார் உண்டாக்கியவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.

பாரின் கல்லில் சிப்பி ஒட்டும், பஞ்சுயிரிகள் வளரும், பாசி படரும். இனயம், விழிஞம் போன்ற இடங்களில் பவளமும் கைப்பிடி கைப்பிடியாக ஒட்டியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திட்டு கட்டவில்லை, ஆனாலும் உயிரோடு இருக்கிறது. பவளத்தை வாட்டும் அந்தக் குளிர்நீர் மேலேற்றமே பாசிக்கு உரம். ஆகவே பாசி மேய்கிற மீனுக்கு இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மற்றக் கிளிமீன்களில் பல தெளிந்த தண்ணீரை விட்டு நகராதவை. கோப்பன் அப்படியல்ல, கலங்கல் தண்ணீரையும், மணலும் கல்லும் கலந்த தரையையும் பொறுத்துக்கொள்ளும். குஞ்சுகள் கரையோரப் பாசி மேட்டில் கூட்டமாக வளரும். வளர்ந்தபின் ஆழமான பாருக்குப் போய்ப் பெரும்பாலும் தனியாக மேயும். செங்கடலிலும் இருக்கிறது, இனயத்திலும் இருக்கிறது என்றால் இந்தப் பொறுமையே காரணம். பவளம் இருந்தால்தான் இது வாழும் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். இதற்குத் தேவை கடிக்கத் தக்க கடினமான தரை. அது பவளமா கருங்கல்லா என்பது அடுத்த கேள்வி.

குமரிமுனைக்குத் தெற்கே பரந்து கிடக்கும் வெட்ஜ் பேங்க் என்ற கடல்மேட்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். இலங்கையோடு 1976 மார்ச் மாதம் செய்துகொண்ட உடன்பாட்டில் அந்த மேட்டின் உரிமை இந்தியாவுக்கு என்று உறுதியானது. மன்னார் வளைகுடாவுக்கும் மலபார்க் கரைக்கும் நடுவில் பார்மீன்களுக்குப் பாலம் மாதிரி கிடக்கிறது அது.

மீன் என்ன சாப்பிடுகிறது என்பதிலும் பழைய பாடம் மாறியிருக்கிறது. பவளம் தின்னி என்று முன்பு எழுதினார்கள். பிறகு பாசி தின்னி என்றார்கள். கடிக்கும்போது அதன் அலகில் அகப்படுவது கல்லின் மேல்தோலும் அதில் ஒட்டியதெல்லாமும். அதில் சத்து எங்கே என்று பார்த்த ஆய்வாளர்கள், கல்லுக்குள்ளும் மேலும் வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களைத்தான் இது உண்மையில் குறிவைக்கிறது என்று 2017-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கிளிமீனுக்கு இரைப்பை கிடையாது. தொண்டைக்குள் இன்னொரு பல்வரிசை இருக்கிறது. அம்மியும் குழவியும் போல மேலும் கீழும் உரசி, விழுங்கியதை மாவாக அரைக்கும். பிறகு நீண்ட குடல். அரைபட்ட சுண்ணாம்பு மணலாக வெளியே வரும். மாலத்தீவின் ஒரு பவளத்திட்டில் அளந்து பார்த்தபோது, புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்கள் தந்தது என்று 2015-இல் வெளியிட்டார்கள். தீவே அந்த மணலால் ஆனது. எங்கள் கரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே மணல் ஆறும் கடலும் கொடுப்பது. ஆனால் கிளிமீனைக் கழுவுகிறவர்கள் எல்லாருக்கும் குடலைக் கீறியதும் அரிவாள்மணையில் வெள்ளையாகச் சிந்தும் அந்தப் பொடி தெரியும். அம்மை அதைச் 'சுண்ணாம்பு' என்றே சொல்வாள். சரியான சொல்.

இரவில் சில கிளிமீன்கள் வாயிலிருந்து வழவழப்பான ஒரு பையை நெய்து, அதற்குள் உறங்கும். வேட்டை மீன்களிடமிருந்து வாசனையை மறைக்க என்று நெடுநாள் எண்ணம். ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையில், பையை அகற்றிய மீன்களை ரத்தம் உறிஞ்சும் சிறு ஒட்டுண்ணிகள் மிக அதிகமாகக் கடித்திருந்தன. நம் வீட்டுக் கொசுவலைதான் அது.

இந்த மீன் உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் கவலை குறைந்த பிரிவில் இருக்கிறது. அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வந்தவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: செங்கடலில் மீன் நலமாக இருப்பது இனயத்துப் பாருக்கு உதவாது. கல்லாலான பார் இழுவைமடியில் அடிபட்டால் அதன்மேல் வளர்ந்ததெல்லாம் வழித்துக்கொண்டு போகும். அறுந்து விழுந்த நைலான் வலை பாரில் சிக்கினால் ஆண்டுக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும். கரையில் கொட்டும் மண் பாரில் போய்ப் படியும். பாறை கட்டும் பவளங்களை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்ந்து அதற்கு இடம் விடும் மீனுக்கு நம் சட்டத்தில் தனியாக எதுவும் இல்லை. பெலீஸ் நாடு 2009-லேயே கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்தது. இங்கே அப்படி ஒரு தடை கேட்க நான் வரவில்லை. தட்டுமடியும் தூண்டிலும் கொண்டு பிழைக்கிற வள்ளக்காரர் கொண்டுவரும் நாலு கிளியால் பார் அழியாது. வளர்ந்த பெரிய பச்சை மீன்களை மட்டும் தொடர்ந்து எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பால் மாறும் மீனின் விஷயத்தில் தனியாக யோசிக்க வேண்டும். பெரியதெல்லாம் ஆண். ஒரு பாரில் ஆண் குறைந்தால், பெண் மீன்கள் இன்னும் சிறிய அளவிலேயே மாறத் தொடங்கும். முட்டையிடும் காலம் சுருங்கும்.

இதையெல்லாம் கணக்கெடுக்க வேண்டுமானால் முதலில் மீனைச் சரியாக அறிந்து எழுத வேண்டும். அந்த அறிவு இந்தக் கரையில் ஏற்கெனவே சிலரிடம் இருக்கிறது. இனயத்தில் சிப்பிக்கு முங்கும் ஓர் அண்ணனிடம் கிளியைப் பற்றிக் கேட்டேன். நிறத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கிளியப் பாக்கதுக்கு முன்ன கேக்கலாம் தம்பி. கல்லக் கடிக்கிற சத்தம் தண்ணிக்குள்ள நறநறன்னு வரும். சத்தம் வந்த பக்கம் திரும்பினா நிக்கும்."

"மஞ்சளா, பச்சையா?"

"ரெண்டும் நிக்கும். பச்ச ஒண்ணு, மஞ்ச நாலஞ்சு. ரெண்டும் ஒரே சாதி தான?"

ஆமாம் என்றேன். தண்ணீர் தெளிந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் அவரோடு வள்ளத்தில் போய், தாழ்ந்த பாரில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிப்பி அடர்ந்த கல்லில் பாசி வழித்தெடுத்த இடங்கள் தெரிந்தன: மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என்று எதிரெதிரே இரண்டு வெள்ளைக் கீறல், விரல் நக அளவு. அப்படி ஜோடி ஜோடியாகக் கல் முழுக்க. மீன் அப்போது அங்கே இல்லை. அண்ணன் கீறலைத் தொட்டுக் காட்டி, "இன்னைக்குக் காலத்துக் கடி" என்றார். பழைய கடியில் பச்சை மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மையிடம் சொன்னேன். அவள் அத்தைக்கு அலைபேசியில் கூப்பிட்டு, தன் கிளி இனயத்திலும் உண்டு என்று முதலில் அதைத்தான் சொன்னாள்.